டூலாங் தட்டில் ஒரு பள்ளத்தாக்கு

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆனதும் தஞ்சோங் ரம்புத்தான் பாலத்துக்குக் கீழே இறங்கி, காலி ஜாம் போத்தல் ஒன்றில் கிந்தா ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்தேன். அசல் தே தாரிக் நிறம், நுரை மட்டும்தான் இல்லை. பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "குடிக்கவா தம்பி?" என்றார். "இல்ல அங்கிள், பார்க்க" என்றேன். "மேல எங்கயோ மண்ணை வெட்றான். முந்தியெல்லாம் மழை பேஞ்சா ஒரு நாள்ல தெளிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மிதவைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இளமையில் பத்து காஜா பக்கம் ஈயம் தோண்டும் கப்பலில் வேலை பார்த்தவர் அவர். கலங்கல் தண்ணீரைப் பற்றி அவரிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது.

போத்தலைச் சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்தேன். தண்ணீர் பத்து சென்டிமீட்டர் உயரம். மெல்லிய மணல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ளது, பத்துப் பதினைந்து விநாடியில் அடிக்குப் போய்விட்டது. அதைவிடப் பத்து மடங்கு சிறிய வண்டல் துகள் அதே ஆழத்தைக் கடக்க ஏறக்குறைய இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். இன்னும் பத்து மடங்கு சிறியது களிமண் துகள், ஒரு மைக்ரோன் பருமன். அதற்கு முப்பது மணி நேரம் போலத் தேவை, அதுவும் போத்தலை யாரும் தொடாமல் இருந்தால். துகள் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும் என்பதுதான் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் எழுதிய விதி இது. ஓடும் ஆற்றில் அந்தக் களிமண்ணுக்கு அடியில் உட்கார நேரமே கிடைக்காது. இங்கே கலங்கியது அப்படியே கடல்வரை போகும்.

தோட்டத்தில் எங்கள் பாட்டி இதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருந்தார். ஒன்று படிகாரக் கட்டி. குடத்துத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுவார். இன்னொன்று ஊரிலிருந்து வந்தவர்களின் ஞாபகத்தில் இருந்த தேத்தாங்கொட்டை. அது இங்கே கிடைக்காது, ஆனால் பேச்சில் இருந்தது. களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைத் தணித்து, துகள்களைத் திரளவைத்து, கனமாக்கி இறக்கிவிடும். சுத்திகரிப்பு நிலையங்களிலும் முதல் வேலை இதுதான். குடம் பெரிது, அவ்வளவே. ஆற்றில் கலங்கல் கூடினால் அலுமினிய உப்பும் கூடுதலாகப் போட வேண்டும், அடியில் சேரும் சேறும் கூடும், ரொம்பவும் கூடிவிட்டால் ஆலையையே சற்று நேரம் நிறுத்திவைப்பார்கள். கொட்டோ கொட்டென்று மழை பெய்யும் நாளில் குழாயில் தண்ணீர் வராமல் போகும் வினோதம் இப்படித்தான் நடக்கிறது.

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் மலேசியாவில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனைதான். பள்ளியில் யாராவது கோணலாக ஏதாவது செய்தால் "உன்னை எங்க ஊருக்கு அனுப்பணும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். உண்மையில் இந்த ஊரை அடையாளம் காட்ட வேண்டியது ஆறு. 2183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலைச் சரிவில் பிறக்கும் கிந்தா, காட்டைவிட்டு வெளியே வந்து முதலில் சந்திக்கும் ஊர் இது. இங்கிருந்து ஈப்போ, பத்து காஜா என்று ஓடிப் பேராக் ஆற்றில் கலக்கிறது; மொத்த நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் பாரி, பிஞ்சி, ராயா, கம்பார் ஆறுகள் வந்து சேர்கின்றன. ஊருக்கு மேலே உலு கிந்தாவில் சுல்தான் அஸ்லான் ஷா அணை இருக்கிறது. ஈப்போவின் குழாய்த் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் தாய்வீடு.

பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் கருங்கல் மலைகள்: கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங். நடுவில் தரைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. ஆங்காங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும் குன்றுகள் அந்தப் பாறையின் மிச்சங்கள். இந்த இரண்டு கல்லும் தண்ணீரிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. கருங்கல் மலையில் விழும் மழை மண்ணிலும் வெடிப்பிலும் மெல்லக் கசிந்து ஓடையாக வரும். அதில் கரைந்த உப்பு குறைவு. சுண்ணாம்புக்கல்லோ தண்ணீரிலேயே கரைவது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி இலேசாகப் புளித்துப்போகிறது. அந்தப் புளிப்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்ததில் பாறைக்குள் குகையும் குழாயும் உண்டாகிவிட்டன.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே சோப்பில் தெரிந்துகொண்டேன். எங்கள் தோட்டத்துக் குழாயில் வந்தது மலைத் தண்ணீர். சோப்புக் கட்டியைத் தொட்டாலே நுரைக்கும். கோப்பெங் பக்கம் சித்தி வீட்டில் கிணறு. அங்கே குளித்தால் நுரை வராது, உடம்பில் பிசுபிசுவென்று ஒரு பால் படலம் ஒட்டும், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். நீரில் கரைந்த கல்சியம் சோப்போடு சேர்ந்து செய்யும் வேலை. பதினைந்து மைல் இடைவெளியில் இரண்டு தண்ணீர். ஈப்போவின் தவ்கே முளைப்பயறு குண்டாகக் கொழுகொழுவென்று இருப்பதற்கும் இந்தச் சுண்ணாம்பு நீரைத்தான் ஊரில் காரணமாகச் சொல்வார்கள்.

இப்போது ஈயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் கிந்தாவின் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கருங்கல் குழம்பாக மேலெழுந்தபோது அதன் ஓரங்களில் வெள்ளீயத் தாது படிந்தது. பிறகு மழையும் வெயிலும் மலையைத் தேய்த்தன, ஆறுகள் தேய்ந்ததை இழுத்து வந்தன. சாதாரண மணல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். ஈயத் தாது ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆறு இளைத்த இடத்தில் முதலில் விழுந்தது ஈயம். அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறை ஏற்கெனவே பல்லும் பள்ளமுமாக அரிக்கப்பட்டிருந்ததால், விழுந்தது அந்தப் பற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. சீனப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங் என்ற மரத்தட்டைச் சுழற்றி ஈயம் எடுத்த காட்சியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். தட்டைச் சுழற்றினால் இலேசானது விளிம்பைத் தாண்டிப் போய்விடும், கனமானது நடுவில் நிற்கும். கிந்தா பள்ளத்தாக்கே இயற்கை சுழற்றிய ஒரு டூலாங்தான். உலகத்தின் மிகச் செழிப்பான ஈய வயலாக இது ஆனது அதனால்தான்.

மனிதர்கள் வந்து அதே வேலையை அவசரமாகச் செய்தார்கள். லம்பம் என்று நம்மவர்கள் சொல்லும் ஈயச் சுரங்கத்தில், பீச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை அடித்து மண்சுவரைக் கரைப்பார்கள். கரைந்த கூழைப் பம்பு உறிஞ்சி, கால்கள் மேல் நிற்கும் பாலோங் என்ற நீண்ட மரச் சரிவின் உச்சிக்கு ஏற்றும். சரிவில் குறுக்குக் கட்டைகள். கூழ் இறங்கும்போது ஈயம் கட்டையில் தங்கும், மற்றதெல்லாம் வழிந்துபோகும். ஈயக் கப்பல்கள் 1913இல் இங்கே வந்தன. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982வரை ஓடியது. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, முன்னால் தோண்டி, வயிற்றில் அலசி, பின்னால் கொட்டிப் போகும் மிருகம் அது.

"மற்றதெல்லாம் வழிந்துபோகும்" என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு கைப்பிடி ஈயத்துக்கு வண்டி வண்டியாக மண் அலச வேண்டும். மணல் பக்கத்திலேயே குவிந்து வெண்மேடாகியது. என் ஜாம் போத்தலில் இறங்க மறுக்கும் அந்தக் களிமண்ணும் கூடவே வண்டலும் ஆற்றோடு போயின. வண்டல் எங்கோ படிந்தது, படிந்த இடத்தில் ஆற்றின் மடி உயர்ந்தது. மடி உயர்ந்த ஆறு பழைய மழைக்கே கரை மீறும். இந்தக் கணக்கைக் கட்டியவர்கள் லம்பக்காரர்கள் இல்லை, கீழே இருந்தவர்கள். சிலாங்கூரில் கோலகுபு என்ற ஊர் இப்படி வண்டலிலும் வெள்ளத்திலும் மாட்டி, கடைசியில் ஊரையே விட்டுவிட்டு மேட்டில் கோலகுபு பாருவைக் கட்டிக்கொண்டார்கள். கிந்தாவிலும் சேற்றை ஆற்றில் விடாமல் வரப்புக் கட்டித் தேக்க வேண்டுமென்று சட்டங்கள் வந்தன. வரப்புகள் எப்போது உடையும் என்று பாலத்துப் பெரியவரைக் கேட்டால் சொல்வார்: மழையில்தான்.

டூலாங்கின் நடுவில் ஈயம் மட்டும் தங்கவில்லை என்பது கதையின் இன்னொரு பாதி. மோனசைட், சிர்கோன், இல்மனைட் போன்ற கனிமங்களும் கனம்தான், நாலரை முதல் ஐந்து மடங்கு. அவையும் ஈயத்தோடு கட்டையில் நின்றுவிடும். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் இந்தக் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன, கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு தோரியக் கழிவை மிச்சம் வைத்தது. அதைப் பாப்பானில் குழி தோண்டிப் புதைக்கும் திட்டத்துக்கு எதிராக 1984இல் ஊரே தெருவில் இறங்கியது. புக்கிட் மேரா மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. என்றாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே மூடிக்கொள்வதாக அறிவித்தது. கழிவு இப்போது கிளேடாங் மலையில் புதைந்திருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு. ஊர்க்காரர்களின் போராட்டத்தைப் பீதி என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. ஆற்றுமேட்டில் குடியிருப்பவனுக்கு, புதைத்தது எதுவானாலும் மழையோடு ஒருநாள் நடக்கத் தொடங்கும் என்று தெரியும். அந்தப் பயத்தை நான் அறிவாகத்தான் எண்ணுகிறேன்.

1985 அக்டோபரில் ஈய விலை விழுந்தது. அனைத்துலக ஈய மன்றத்தின் கையிலிருந்த பணம் தீர்ந்து, லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது. கிந்தாவில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. இன்று ஈப்போவிலிருந்து கம்பார் போகும் வழியெல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரிகிற குட்டைகள் அவைதான். பத்து காஜா பக்கத்துக் கிந்தா இயற்கைப் பூங்காவில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. விடுமுறையில் போனால் மனசு நிறையும். ஆனால் கரை செங்குத்தாக இறங்குவதால் நீந்தப் போன பிள்ளைகளை இந்தக் குட்டைகள் தின்றிருக்கின்றன.

இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? 2014 வறட்சியில் சிலாங்கூர் மாநிலம் பழைய லம்பக் குட்டைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் இறைத்ததால் கேள்வி வெறும் பேச்சு இல்லை. குட்டைக்குக் குட்டை பதில் மாறும். ஈயத் தாதோடு ஆர்செனிக் கலந்த தாதுவும் வருவதுண்டு. எந்தக் குட்டையின் அடியில் எது கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் தெரியும். மீன் வளர்ப்பும் வாத்துப் பண்ணையும் உள்ள இடத்தில் சத்துப்பொருள் மிகுந்து பாசி பொங்கும், இரவில் பாசியே பிராணவாயுவைத் தின்றுவிடும், விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். குட்டைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மணல் நிலத்தில் ஊறும் நீர் மெல்ல வடிகட்டப்படும். சுண்ணாம்புக் குகைவழியில் போகும் நீர் குழாயில் போவதைப்போலப் போகும். இங்கே ஊற்றியது வடிகட்டாமல் வேறெங்கோ ஊற்றாக வெளியே வரும்.

இதே சிக்கலை வேறு உலகத்தில் பார்க்கலாம். பாலஸ்தீனத்தில், மேற்குக் கரையின் வடகிழக்கில், நப்லுஸ் மலைகளிலிருந்து யோர்தான் ஆற்றை நோக்கி இறங்கும் வாதி ஃபாரா என்ற பள்ளத்தாக்கு. அதுவும் சுண்ணாம்பு நாடு, ஊற்றுகளால் வாழும் நாடு. நப்லுஸ் நகரின் கிழக்குப் பகுதிச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமலே பள்ளத்தாக்கில் இறங்கி, பாதான் ஊற்று நீரோடு கலந்து, கீழேயுள்ள காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்து வந்திருக்கிறது. மேட்டில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் போல மழை, யோர்தான் கரையில் 200 போல. நமக்கோ 2000 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே புதுக் கிணறு வெட்ட 1995 உடன்படிக்கையில் உருவான இஸ்ரேலிய-பாலஸ்தீனக் கூட்டு நீர்க் குழுவின் அனுமதி வேண்டும். இங்கே அந்தத் தடை இல்லை. ஆனால் கல் ஒன்றே. அவர்களுக்கு நீர் குறைவு என்பதால் அழுக்கு உடனே தெரிகிறது. நமக்கு மழை அதிகம் என்பதால் அழுக்கு கலைந்து ஓடி மறைகிறது. கிந்தாவில் தண்ணீர்ப் பஞ்சம் என்று யாரும் பேசாததற்கு மழைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், நிர்வாகத்துக்கு இல்லை.

சுண்ணாம்புக்கல்லின் கோபத்தை ஈப்போ தமிழர்கள் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். கல்லுமலைக் கோவில் இருக்கும் குனோங் சீரோ குன்றில் 1973 அக்டோபரில் ஒரு பெரும்பாறை பெயர்ந்து அடியிலிருந்த குடியிருப்பின்மேல் விழுந்ததில் 40 பேர் போல இறந்தார்கள். வெடிப்புகளில் நீர் இறங்கி, உள்ளேயே கரைத்துக் கரைத்து, ஒருநாள் விட்டுவிடும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களில் வயதானவர்கள் இன்றும் அந்தப் பாறை முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பார்கள். தரைக்கு அடியிலும் இதுவே நடக்கும். லம்பத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளும்போது, குகைக்கூரையைத் தாங்கிய தண்ணீர் இறங்கிவிடும், மேல்மண் திடீரென்று உள்ளே போய்விடும். கிந்தாவில் வீட்டு முற்றத்திலும் சாலையிலும் குழி விழுந்த செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதை இருக்கும்.

நம் தோட்டங்களையும் நல்லவர்களாக்கிவிட வேண்டாம். பால்மரக் காலத்தில் ஸ்டோர் பக்கத்து ஓடையைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவோம். பாலை உறையவைக்க ஊற்றிய ஃபார்மிக் அமிலமும், அலசிய கழுநீரும் நேராக ஓடைக்குப் போகும். நாங்கள் அதை ரப்பர் வாடை என்று மட்டும் நினைத்தோம். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் தனி விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவைச் செரித்து முடிக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் போலப் பிராணவாயு வேண்டியிருக்கும். வெப்பமான ஆற்று நீரில் கரைந்திருப்பது ஏழெட்டு மில்லிகிராம்தான். மீன் செத்து மிதந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த விதிகள் பலன் தந்தன என்றே சொல்வேன். ஆலை ஒரே இடத்தில் நிற்பதால் பிடிக்க முடிந்தது. இப்போது ஆற்றைக் கெடுப்பது ஆயிரம் இடங்களிலிருந்து வருகிறது: நிலம் திருத்தும் மண், மணல் தோண்டல், சாப்பாட்டுக் கடை எண்ணெய், சரியாகப் பராமரிக்காத மலத்தொட்டி. சுற்றுச்சூழல் துறை ஆறு அளவைகளைச் சேர்த்து ஒரு குறியீடாக்கி ஆற்றுக்கு ஒன்று முதல் ஐந்துவரை வகுப்புப் போடுகிறது. தலைமாட்டில் முதல் வகுப்பில் கிளம்பும் ஆறு, நகரத்துக்குள் நுழைந்ததும் வகுப்பு இறங்கிக்கொண்டே போகும்.

அணை வந்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். அணை தண்ணீரைச் சேர்க்கும், கூடவே மண்ணையும் சேர்க்கும். கேமரன் மலையில் 1963இல் முடிந்த ரிங்லெட் அணை, மேலே காய்கறித் தோட்டங்கள் அவிழ்த்துவிட்ட மண்ணால் தூர்ந்துபோனது. கொள்ளளவு குறைந்த அணையிலிருந்து 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் அவசரமாகத் தண்ணீர் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. உலு கிந்தாவில் அணைக்கு மேலே இன்னும் காடு நிற்கிறது. அது நிற்கும்வரைதான் அணைக்கு ஆயுள்.

மூன்றாம் நாள் காலையில் போத்தலைப் பார்த்தேன். மேலே நீர் தெளிந்த மாதிரிதான், ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் ஒரு புகைமூட்டம் இருந்தது. அடியில் சேற்றுப் படலம், அதற்குக் கீழே மணல். நீரை மெல்லச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றிச் சுழற்றிப் பார்த்தேன். பழைய படங்களில் அந்தப் பெண்கள் டூலாங் சுழற்றும் மாதிரியே. வெளிர்மணல் விளிம்புக்கு நகர்ந்தது. நடுவில் கண்ணிமை மயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது.

"அதை சிங்க்ல ஊத்தாதீங்க, அடைச்சுக்கும்" என்று உள்ளே இருந்து மனைவியின் குரல். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் லோங்காங்கில் ஊற்றினேன். எங்கள் வீட்டு லோங்காங் சந்து முனையில் பெரிய லோங்காங்கில் சேர்ந்து, பாலத்துக்குக் கொஞ்சம் கீழே ஆற்றில் விழுகிறது.